நிறுத்துவதும் ஒரு வேலைதான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "பசங்களுக்குப் பிரயோஜனமா டெக்னிக்கலா ஏதாவது பேசுங்க. ஆனா சிவில், மெக்கானிக்கல்காரங்களுக்கும் புரியணும்" என்று சொன்னார். இரண்டும் சேர்ந்து நடப்பது கொஞ்சம் சிரமம்தான். முயற்சி செய்கிறேன். மேடையில் நேரம் குறைவாக இருந்ததால் விட்டுப்போன சில விஷயங்களையும் மலருக்காக இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, கம்ப்யூட்டரை அணைக்கும்போது அதன் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பது. "இதுல பேச என்ன இருக்கு, ஸ்விட்சை ஆஃப் பண்ணினா ஆஃப் ஆயிடும்" என்று நினைப்பீர்கள். நாம் எல்லோரும் தொடங்குவதைப் பற்றித்தான் படிக்கிறோம். வைவாவில் கேட்பதும் அதுதான்: கம்ப்யூட்டர் எப்படி பூட் ஆகிறது, டிரைவர் எப்படி லோடு ஆகிறது. "எப்படி நிறுத்துவாய்?" என்று கேட்ட எக்ஸ்டர்னலை நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

முதலில் டிரைவர் என்றால் என்ன என்று ஒரு வரி. கம்ப்யூட்டரில் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, திரை, கீபோர்டு என்று பல கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அத்தனை பாஷையும் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் புரோகிராம்தான் டிரைவர். நான் இங்கே சொல்லப்போவது லினக்ஸ் கெர்னலை வைத்து. அதன் சோர்ஸ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நான் சொல்வது சரிதானா என்று மாணவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு விண்டோஸ் 95 நினைவிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் சற்று நேரம் கழித்துக் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இனி கம்ப்யூட்டரை அணைக்கலாம், ஆபத்தில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரும். அது வந்த பிறகுதான் நாம் பெட்டியின் பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு வந்த பெட்டிகள் தாமாகவே அணைந்துகொள்ளக் கற்றுக்கொண்டன, வாசகம் மறைந்துவிட்டது. ஆனால் அந்த வாசகத்துக்கு முன்னால் நடந்த வேலை மறையவில்லை. அது இன்றைக்கும் நடக்கிறது, முன்பைவிட அதிகமாகவே நடக்கிறது.

லினக்ஸில் நீங்கள் ஷட் டவுன் கொடுத்ததும் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கு "முடித்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி போகிறது. முடிக்காதவற்றைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வலுக்கட்டாயமாக நிறுத்துகிறார்கள். மெமரியில் மட்டும் இருந்த ஃபைல்கள் டிஸ்க்குக்கு எழுதப்படுகின்றன. கடைசியில் கெர்னலிடம் "ரீபூட்" என்ற கட்டளை போகிறது. யாராவது தவறுதலாக அதைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்பதற்காக, கூடவே இரண்டு ரகசிய எண்கள் கொடுக்க வேண்டும். முதல் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் "ஃபீல் டெட்" என்று படிக்கலாம். இரண்டாவதாகக் கொடுக்கக்கூடிய எண்களில் ஒன்று 672274793. அதையும் பதினாறடிமானத்தில் எழுதிப் பாருங்கள், 28121969 என்று வரும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிறந்த நாள் 28-12-1969. கெர்னல் எழுதுபவர்களுக்கும் குறும்பு உண்டு.

அந்தக் கட்டளை வந்த பிறகு கெர்னல் தன்னிடம் பதிவாகியிருக்கும் கருவிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, கடைசியில் பதிவானதிலிருந்து முதலில் பதிவானது வரை, தலைகீழாக ஒவ்வொன்றாகப் போகிறது. ஒவ்வொரு டிரைவரிடமும் "ஷட் டவுன்" என்ற ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கூப்பிடுகிறது. இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுகிறது. கேட்டுக்கொள்ளுங்கள்: இல்லாவிட்டால் எந்தப் புகாரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. என் பேச்சு முழுக்க இந்த ஒரு ஃபங்ஷனைப் பற்றித்தான்.

ஏன் தலைகீழ் வரிசை? ஃபைனல் இயர் முடித்துப் போகும்போது "நோ ட்யூஸ்" வாங்க அலைந்தோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரி, லேப், மெஸ், ஹாஸ்டல் எல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆபீசில் கையெழுத்து. ஆபீஸ் முதலில் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டால் லைப்ரரி பாக்கியை யாரிடம் கட்டுவது? அதுபோல, டிஸ்க் ஒரு கன்ட்ரோலரின் வழியாகத்தான் பேசுகிறது. கன்ட்ரோலர் முதலில் தூங்கிவிட்டால், "உன் வேலையை முடித்துக்கொள்" என்று டிஸ்க்குக்குச் சொல்ல வழியே இல்லை. ஆகவே பிள்ளை முதலில், தாய் பிறகு. இன்றைய சிப்புகளில் உறவுமுறை இவ்வளவு நேராக இருப்பதில்லை. ஒரு கருவிக்கு மின்சாரம் கொடுப்பது ஒன்று, கிளாக் கொடுப்பது வேறொன்று. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று தனியாகப் பதிந்துவைக்கும் வசதி 2017-ல் வந்த லினக்ஸ் 4.10-ல் சேர்ந்தது.

சரி, மின்சாரம்தான் போகப்போகிறதே, டிரைவர் எதற்கு மெனக்கெட வேண்டும்? நியாயமான கேள்வி. மூன்று பதில்கள் உண்டு.

முதல் பதில் டிஸ்க். "எழுதிவிட்டேன்" என்று டிஸ்க் சொன்னாலும், அது தன்னுடைய சிறிய மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, தட்டில் பிறகு எழுதலாம் என்று இருக்கக்கூடும். டிரைவர் "கையில் இருப்பதை எல்லாம் எழுதி முடி" என்று ஒரு கட்டளையும், "சுழல்வதை நிறுத்து" என்று ஒரு கட்டளையும் கொடுக்க வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால், ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டின் மிச்ச வேகத்திலிருந்தே சக்தி எடுத்து அதன் தலைப்பகுதியை அவசரமாக ஓரம் கட்டும். அது தீயணைப்பு வண்டி மாதிரி. தினமும் கூப்பிடக் கூடாது. இப்போது பரவலாக இருக்கும் என்.வி.எம்.இ. டிஸ்க்குகளில் இதற்கென்றே ஒரு மரியாதையான முறை இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒரு ரெஜிஸ்டரில் "அணையப் போகிறோம்" என்று எழுதும். டிஸ்க் தன் வேலையை முடித்துவிட்டு, "முடிந்தது" என்று இன்னொரு ரெஜிஸ்டரில் காட்டும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பதில், ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்யும்போது பல போர்டுகளில் மின்சாரம் போவதே இல்லை. பிராசஸர் மட்டும் பிறந்த குழந்தையாகிவிடும். பக்கத்தில் இருக்கும் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஃப்ளாஷ் சிப். சிறிய போர்டுகளில் பூட் ஆகும் புரோகிராம் ஒரு ஃப்ளாஷ் சிப்பில்தான் இருக்கும். அந்தச் சிப்பிடம் முகவரியை 3 பைட்டில் சொல்வது பழைய வழக்கம். 3 பைட்டால் 16 எம்.பி. வரைதான் எட்ட முடியும். அதைவிடப் பெரிய சிப்பு வந்ததும் 4 பைட் முறை வந்தது. லினக்ஸ் ஓடும்போது சிப்பை 4 பைட் முறைக்கு மாற்றி வைத்திருக்கும். அப்படியே ரீஸ்டார்ட் ஆனால் என்ன ஆகும்? பிராசஸருக்குள் நிரந்தரமாகப் பதித்திருக்கும் குட்டிப் புரோகிராம் எழுந்து, பழைய வழக்கப்படி 3 பைட்டில் முகவரி கேட்கும். சிப்பு நான்காவது பைட்டுக்காகக் காத்திருக்கும். இருவரும் பேசுவது ஒருவருக்கொருவர் புரியாது. போர்டு எழுந்திருக்காது. பவரை எடுத்துப் போட்டால் மட்டும் சரியாகும். போர்டு எட்டாத தூரத்தில் ஒரு கம்பத்தின் மேல் இருந்தால் யார் ஏறி எடுத்துப் போடுவது? அதனால்தான் லினக்ஸின் ஃப்ளாஷ் டிரைவரில், ஷட் டவுன் சமயத்தில் சிப்பை மறுபடி 3 பைட் முறைக்குக் கொண்டுபோய் விடும் வேலை இருக்கிறது. வந்தபோது இருந்தபடியே வைத்துவிட்டுப் போவது.

மூன்றாவது பதில்தான் மிக முக்கியம். அதற்கு டி.எம்.ஏ. என்ற சொல் தெரிய வேண்டும். நெட்வொர்க் கார்டுக்கு ஒவ்வொரு பைட்டையும் பிராசஸர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே டிரைவர் மெமரியில் ஓர் இடத்தைக் காட்டி, "வரும் சரக்கை எல்லாம் நீயே இங்கே இறக்கி வை" என்று கார்டிடம் சொல்லிவிடும். அதன் பிறகு கார்டு பிராசஸரைக் கேட்காமலே நேராக மெமரியில் எழுதும்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலைக் கல்யாணக்காரர் பால்காரரிடம், "இந்த ஸ்டோர் ரூமில் பாலை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு, யாரையும் கேட்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் முடிந்தது. மண்டபம் சாயங்காலம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அந்த ஸ்டோர் ரூமில் இப்போது அவர்கள் பட்டுப்புடவைகளை அடுக்கியிருக்கிறார்கள். பால்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் யோக்கியமான ஆள், சொன்ன வேலையைச் செய்கிறார். கொண்டுவந்து புடவை மேல் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். குற்றம் யாருடையது? மண்டபத்தைக் காலி செய்யும்போது பால்காரரை நிறுத்தாமல் போனவருடையது.

இந்த மாதிரி மண்டபம் கைமாறுவது கம்ப்யூட்டரில் உண்மையாகவே நடக்கிறது. லினக்ஸில் 2005 முதல், 2.6.13 பதிப்பிலிருந்து, கே-எக்ஸெக் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு கெர்னல் இன்னொரு கெர்னலை மெமரியில் ஏற்றி, நேராக அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். நடுவில் போர்டின் பூட் சோதனைகள் எதுவும் கிடையாது. பெரிய சர்வர்களில் அந்தச் சோதனைகளுக்கே சில நிமிடங்கள் போய்விடும் என்பதால் இது மிக உபயோகமானது. ஆனால் பழைய கெர்னல் தன் நெட்வொர்க் கார்டை நிறுத்தாமல் போனால், கார்டு பழைய முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த முகவரியில் இப்போது புதிய கெர்னலின் குடித்தனம்.

இதற்கு ஊரறிந்த ஒரு உதாரணம் உண்டு. 2011, 2012-ல் வந்த ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வசதியாக, பூட் ஃபர்ம்வேருக்குள் முழு நெட்வொர்க் வசதி இருந்தது. அந்த ஃபர்ம்வேர் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பிராட்காம் 4331 வயர்லெஸ் கார்டை எழுப்பிவிட்டு, பொறுப்பை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்த பிறகும் அதை நிறுத்தாமல் விட்டுவிட்டது. லினக்ஸ் எழுந்து மெமரியைப் பயன்படுத்த ஆரம்பிக்கும். கார்டோ காற்றில் வரும் பாக்கெட்டுகளை அதே மெமரியில் கொட்டிக்கொண்டிருக்கும். யோசித்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பும் பாக்கெட் உங்கள் கெர்னலின் மெமரியில் வந்து உட்காருகிறது. இது கோளாறு மட்டுமல்ல, பாதுகாப்பு ஓட்டையும்கூட. 2016-ல்தான் லினக்ஸ் பூட் ஆகும் ஆரம்ப நிலையிலேயே அந்தக் கார்டைத் தேடி ரீசெட் செய்யும் திருத்தம் சேர்ந்தது.

அதே கார்டு இன்னொரு தொல்லையும் செய்தது. கருவிகள் கெர்னலின் கவனத்தை ஈர்க்க இன்டரப்ட் என்ற மணியை அடிக்கும். பல கருவிகளுக்கு ஒரே மணிக்கயிறு இருப்பதும் உண்டு. டிரைவர் இல்லாத கார்டு மணியை அடித்துக்கொண்டே இருந்தால் கெர்னல் என்ன செய்யும்? கணக்கு வைத்திருக்கும். ஒரு லட்சம் முறை மணி அடித்து, அதில் 99,900 தடவைக்கு மேல் யாரும் "எனக்குத்தான்" என்று சொல்லவில்லை என்றால், கயிற்றையே அறுத்துவிடும். அதே கயிற்றை நம்பியிருக்கும் ஒழுங்கான கருவியும் அன்றோடு ஊமை.

நான் நேரில் பார்த்த ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் வெப்பம், அழுத்தம் போன்ற அளவுகளைச் சேகரித்துப் பதிவு செய்யும் ஒரு சிறிய பெட்டி. இரவில் சாஃப்ட்வேர் அப்டேட் வரும், கே-எக்ஸெக் மூலம் சட்டென்று புதிய கெர்னலுக்கு மாறிவிடும். என்றாவது ஒருநாள் மாறிய சில நிமிடத்தில் பெட்டி செத்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். ஒருநாள் ஃபைல் சிஸ்டத்தில், ஒருநாள் டைமரில். எங்கள் லேபில் வைத்து எத்தனை முறை ஓட்டினாலும் வராது. மெமரி சிப் கெட்டுவிட்டது என்று பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள். புதுப் பெட்டியும் செத்தது.

இதில் என் மனதில் தங்கியது வேறு. அங்கே இரவு ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டரிடம், "நீதான் பிளக்கைப் பிடுங்கியிருப்பே" என்று கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள். அவர் இரண்டு முறை விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதிவில் இடைவெளி இருக்கிறது, அந்த நேரத்தில் அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான். மெஷின் பொய் சொல்லாது என்றுதானே எல்லோரும் நம்புகிறார்கள்.

எங்கள் குழுவில் ஒரு பெண் எஞ்சினியர், செத்த பெட்டியின் மெமரியைப் பிரதி எடுத்து வரிவரியாகப் பார்த்தார். கெட்டுப்போன இடத்தில் தொடர்ந்து ஆறு பைட் 255, பிறகு ஆறு பைட் ஏதோ எண்கள், பிறகு பதினாறடிமானத்தில் 08 06. நெட்வொர்க் பாடம் படித்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஆறு பைட்டும் 255 என்றால் "எல்லோருக்கும்" என்ற முகவரி. 08 06 என்றால் ஏ.ஆர்.பி. பாக்கெட், "இந்த ஐ.பி. முகவரி யாருடையது?" என்று ஊரையே கூவிக் கேட்கும் பாக்கெட். அது கெர்னலின் நடுவீட்டில் வந்து கிடந்தது. எங்கள் லேப் நெட்வொர்க்கில் இரண்டே மெஷின், கூவுவதற்கு ஆளில்லை. தொழிற்சாலை நெட்வொர்க்கில் ஏகப்பட்ட மெஷின்கள்; ஓயாமல் கூவல். அதனால்தான் அங்கே மட்டும் வந்தது.

போர்டு தயாரித்தவர்கள் கொடுத்த நெட்வொர்க் டிரைவரில் தொடங்கும் ஃபங்ஷன் மிக நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தது. ஷட் டவுன் ஃபங்ஷன் இல்லவே இல்லை. சேர்த்தது சுமார் இருபது வரி. அதோடு நின்றது. காரணத்தை எழுதி அனுப்பினோம். ஆபரேட்டரின் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கோ உட்கார்ந்து ஒருவர் எழுதாமல் விட்ட இருபது வரி, முகம் தெரியாத இன்னொருவரின் வேலைப் பதிவேட்டில் போய் விழுகிறது. இதைத்தான் மாணவத் தம்பிகள் கவனிக்க வேண்டும்.

அந்த இருபது வரியில் என்ன இருக்க வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலாவது, புது வேலை வாங்குவதை நிறுத்துங்கள். மேலிருந்து வரும் கோரிக்கைகள், டிரைவர் தானே வைத்துக்கொண்ட டைமர்கள், பின்னணி வேலைகள் எல்லாவற்றையும். இதைச் செய்யாமல் கருவியை நிறுத்தினால், அடுத்த விநாடி ஒரு டைமர் வந்து அதை மறுபடி எழுப்பிவிடும்.

இரண்டாவது, கருவியிடம் "நிறுத்து" என்று சொல்லுங்கள். சொல்வதோடு விடாமல், கேட்டதா என்று பாருங்கள். பி.சி.ஐ. கருவிக்கு எழுதும் கட்டளை தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி; நடுவழியில் காத்திருக்கக்கூடும். அதே கருவியின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால், முன்னால் போன கட்டளைகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். ஆகவே எழுதிய பின் ஒருமுறை படியுங்கள்.

மூன்றாவது, கையில் இருக்கும் வேலை முடியும்வரை காத்திருங்கள். ஆனால் காலவரையறையோடு. லினக்ஸின் என்.வி.எம்.இ. டிரைவர் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம், யாரும் மாற்றாவிட்டால், 5 விநாடி. டிஸ்க்கே கூடுதல் நேரம் கேட்டிருந்தால் அதையும் பார்க்கும். பதில் வராத கருவிக்காக ஒரு கம்ப்யூட்டர் விடிய விடிய ஷட் டவுனில் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் கோளாறுதான்.

நான்காவது, கருவியின் பக்கத்திலேயே இன்டரப்ட் மணியை நிறுத்துங்கள். வேறொரு பிராசஸரில் மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, கருவி மெமரியில் எழுதும் உரிமையையே எடுத்துவிடுங்கள். பி.சி.ஐ. கருவிகளில் பஸ் மாஸ்டர் என்று ஒரு பிட் இருக்கிறது. அதை அணைத்தால் டி.எம்.ஏ. நின்றுவிடும். இப்போதைய கருவிகள் இன்டரப்டையும் மெமரி எழுத்தாகத்தான் அனுப்புகின்றன என்பதால் அதுவும் நின்றுவிடும். கே-எக்ஸெக் நடக்கும்போது லினக்ஸ் தானே எல்லா பி.சி.ஐ. கருவிகளிலும் இந்தப் பிட்டை அணைத்துவிடுகிறது. ஆனால் அது கடைசிப் பூட்டு. ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு நடுவில் பூட்டுப் போட்டால் சில கருவிகள் திணறிப்போய் மெஷினையே தொங்க வைத்துவிடும். அதனால்தான் சாதாரண ஷட் டவுனில் கெர்னல் அதைச் செய்வதில்லை. தவிர, நான் சொன்ன பெட்டியில் இருந்தது பி.சி.ஐ. கார்டு அல்ல, பிராசஸர் சிப்புக்குள்ளேயே இருந்த நெட்வொர்க் பகுதி. அதற்கு இந்தப் பூட்டே கிடையாது. டிரைவர் எழுதுபவர்தான் பூட்டு.

அடுத்து, செய்யக் கூடாதது. டிரைவரில் "ரிமூவ்" என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கும். டிரைவரை முழுவதுமாகக் கழற்றி எடுக்கும்போது, வாங்கிய மெமரியை எல்லாம் திருப்பிக் கொடுத்து, பதிவுகளை நீக்கும் வேலை அது. "ஷட் டவுனிலும் அதையே கூப்பிட்டுவிடலாமே" என்று பலருக்கும் தோன்றும். பல டிரைவர்களில் அப்படியும் இருக்கிறது. ஆனால் ஷட் டவுன் சமயத்தில் வீட்டைப் பெருக்கி மெழுக வேண்டிய அவசியமே இல்லை. மெமரி எல்லாம் எப்படியும் போகப்போகிறது. யாராவது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அணையும் நேரத்தில் புதிதாக ஒரு விபத்து. இன்னொன்று, தாய்க் கருவி தன் ஷட் டவுனில் பிள்ளைகளைக் கழற்றினால், ஏற்கெனவே ஷட் டவுன் முடித்த பிள்ளைக்கு ரிமூவும் வந்து சேரும். ஒரே கருவிக்கு இரண்டு முறை காரியம் செய்வதுபோல. இரண்டும் வந்தாலும் தாங்குமாறு எழுத வேண்டும். ஷட் டவுனின் கடமை ஒன்றே ஒன்று: இனி யாருக்கும் தொல்லை தராதபடி கருவியை அமைதியாக்குவது.

அமைதி என்றால் சாவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அணைந்த கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி உண்டு. ஆறு பைட் 255, அதன் பின் அந்தக் கார்டின் முகவரி 16 முறை. இப்படி ஒரு பாக்கெட் வந்தால் எழுந்துகொள்ளும். அதற்காக நெட்வொர்க் கார்டு மெமரியில் எழுதாமல், மணியடிக்காமல், காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். வாட்ச்டாக் என்ற காவல் டைமரும் அப்படித்தான். ரீஸ்டார்ட் நடுவில் தொங்கிப்போனால் மெஷினைத் தட்டி எழுப்புவது அதுதான். அதை அவசரப்பட்டு அணைத்துவிட்டால் கடைசி நம்பிக்கையும் போய்விடும். எதை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது என்பதற்குப் பொது விதி கிடையாது. கருவியைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

கெர்னலே நிலைகுலைந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது? அப்போது டிரைவர்களிடம் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டிருக்க முடியாது. யாருடைய புத்தி சரியாக இருக்கிறது என்றே தெரியாது. அதற்கு லினக்ஸில் கே-டம்ப் என்ற ஏற்பாடு. ஆரம்பத்திலேயே மெமரியில் ஒரு பகுதியை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்து, அதில் ஒரு மாற்றுக் கெர்னலை ஏற்றி வைத்திருப்பார்கள். விழுந்ததும் அது எழுந்து, என்ன நடந்தது என்று பிரதி எடுக்கும். பழைய கருவிகள் எழுதிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பழைய இடத்தில். இந்தப் பகுதிக்கு வராது. பால்காரரை நிறுத்த முடியாது என்று தெரிந்தால், அவருக்குச் சாவி இல்லாத அறையில் குடியேறுவது. இதுவும் நல்ல எஞ்சினியரிங்தான்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் செய்கிறீர்கள், ஓடுகிறது, டெமோ காட்டுகிறீர்கள், மார்க் வாங்குகிறீர்கள். இனிமேல் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவி சும்மா இருக்கும்போது அணைத்துப் பார்க்காதீர்கள். முழு வேலையில் இருக்கும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள். நெட்வொர்க் என்றால் பக்கத்து மெஷினிலிருந்து பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டே ரீஸ்டார்ட். டிஸ்க் என்றால் எழுதிக்கொண்டே ரீஸ்டார்ட். ஒருமுறை அல்ல, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி முழுக்க, நூற்றுக்கணக்கான தடவை. காலையில் வந்து எத்தனையாவது தடவையில் நின்றது என்று பாருங்கள். லேபில் ஒரு பழைய பி.சி.யும் லினக்ஸும் இருந்தால் போதும், செலவு ஒன்றும் இல்லை. இரண்டு மெஷின் நெட்வொர்க்கில் வராத தப்பு இருபது மெஷினில் வரும். ஆகவே துறை லேபின் நெட்வொர்க்கிலேயே, லேப் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, செய்து பாருங்கள்.

லினக்ஸ் சோர்ஸில் ஏதாவது ஒரு நெட்வொர்க் டிரைவரை எடுத்து, தொடங்கும் ஃபங்ஷனையும் ஷட் டவுன் ஃபங்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தொடங்கும்போது திறந்த கதவுகளில் எவை எவை மூடப்படுகின்றன, எவை மூடப்படவில்லை, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஷட் டவுன் ஃபங்ஷனே இல்லாத டிரைவரும் கண்ணில் படலாம். அது தேவையில்லாததால் இல்லையா, மறந்துபோனதால் இல்லையா என்று கண்டுபிடிப்பது நல்ல செமினார் தலைப்பு. மறந்துபோனது என்று நிரூபிக்க முடிந்தால், திருத்தி அனுப்புங்கள். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திருத்தம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். செயலாளர் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அவரும் காலவரையறையோடுதான் காத்திருக்கிறார் போலிருக்கிறது.